விளாம்பழத்தில் பச்சை விதை

ஒரு காட்டில் விளாம்பழம் உடைக்க யாரும் கல் தேடியதில்லை. இரண்டு யானைகள் எதிரெதிரே நின்று ஆளுக்கொரு பழத்தை வீசும். நடுவானில் அவை டமார் என்று மோதிச் சிதறும். கீழே விழுவதை எல்லோரும் பொறுக்கித் தின்பார்கள். என்ன கொடுத்து வைத்த காடு, பாருங்கள்!

ஆனால் அந்தக் கோடையில் குளம் வற்றிக்கொண்டே வந்தது. மலைக்கு அப்பால் ஆறு இருந்தது. எல்லோரும் அங்கே கிளம்ப முடிவு செய்தார்கள். மானுக்குத்தான் கவலை. அதன் குட்டி இப்போதுதான் பிறந்திருந்தது. மலை ஏறுமா அது?

ஒரு காலையில் சிதறல்களைக் கிளறிய மைனா திகைத்து நின்றது.

"பச்சையாக என்னவோ கிடக்கிறது. விதை மாதிரி இருக்கிறது. மரத்தின் வேர் ஊற்றைத் தொட்டால்தான் விதை பச்சையாகும் என்பார்கள்."

மயில் கேட்டதுதான் தாமதம், பாறை மேல் ஏறிக் கூவியது. "ஊற்று வந்துவிட்டது! குளம் நிறையப் போகிறது! யாரும் கிளம்ப வேண்டாம்!"

"மயிலண்ணே, 'மாதிரி' என்றுதானே சொன்னேன்!" என்று மைனா கத்தியது. யார் காதில் விழுந்தது?

மான் அழுதேவிட்டது. "என் பிள்ளை பிழைத்தது!"

எதையும் எளிதில் நம்பாத முள்ளம்பன்றி மட்டும் முன்னால் வந்தது. "ஊற்று வராவிட்டால்? குளத்தில் தண்ணீர் இருக்கும்போதே குடித்துவிட்டுக் கிளம்பினால்தான் மலையைத் தாண்டலாம். யானைகளே, மேலே வேறு மரம் எதுவும் இல்லாத பொட்டலுக்குப் போய் நிறையப் பழம் உடையுங்கள். அணில் பொறுக்கட்டும். என்ன தேடுகிறோம் என்று அதனிடம் யாரும் மூச்சு விடக் கூடாது."

"ஏனாம்?" என்றது மயில்.

"சொன்னால் அதற்கும் எல்லாம் பச்சையாகத் தெரியும்."

யானைகள் தும்பிக்கை வலிக்க வலிக்க வீசின. சாயங்காலம் அணில் வந்தது.

"என்னவெல்லாம் கிடைத்தது?" என்று முள்ளம்பன்றி கேட்டது.

"ஓடு, சதை, வெள்ளை விதை. ஒரு புழு. அந்தப் புழுவை எனக்குப் பிடிக்கவில்லை."

"வேறு நிறத்தில் ஏதாவது?"

"இல்லையே. இருக்க வேண்டுமா?"

அப்போது மைனா தலை குனிந்து வந்தது. பகல் முழுவதும் அது பழைய இடத்திலேயே உட்கார்ந்து மேலே பார்த்திருந்தது. பக்கத்து வேப்ப மரத்தில் கிளிகள். அவை கொறித்துப் போட்ட வேப்பங்காய்த் துண்டுகள்தாம் கீழே விழுந்துகொண்டிருந்தன.

மைனா மானின் முகத்தைப் பார்த்தது. சொல்ல வாய் வரவில்லை. ஆனாலும் சொன்னது. "அக்கா, அது விதை இல்லை."

"எங்களை ஏமாற்றிவிட்டாயே!" என்று மயில் சீறியது. கூவியது யார் என்பதே அதற்கு மறந்துவிட்டது!

மான் குட்டியை நக்கிவிட்டு நிமிர்ந்தது. "மயிலே, சும்மா இரு. மைனா வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் இங்கேயே இருந்திருப்பேன். மைனாவே, முள்ளம்பன்றியே, உங்கள் இருவருக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன்."

விடிந்ததும் எல்லோரும் வயிறு நிறையக் குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். ஏற்றத்தில் யானைகள் குட்டியைத் தும்பிக்கையால் தாங்கின. மைனா முன்னால் பறந்து நிழல் காட்டியது.

ஆற்றங்கரையில் மான் ஆசை தீரத் தண்ணீர் குடித்தது. குட்டி ஆசை தீரப் பால் குடித்தது.

நீதி: அறிகுறியை நம்பிவிடாதே, சோதித்துப் பார், 'அது இல்லை' என்று வந்து சொல்பவருக்கும் நன்றி சொல்.