ஐஸ்காரனுக்கு வைத்த பெயர்

முதலாவது, ஆலை வேலைநிறுத்தம் முடியும் முன்பே இருளப்பன் மன்னிப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வேலைக்குத் திரும்பினான். இரண்டாவது, சங்கக் கொடியை எடுத்துப் போய்த் தன் பிள்ளைக்குத் தூளி கட்டினான். மூன்றாவது, வேலை பறிபோய் வேலாண்டி பட்டினி கிடந்தபோது ஒரு மரக்கால் அரிசி கொடுத்தனுப்பினான். இந்த மூன்றாவதைத்தான் வேலாண்டியால் மன்னிக்கவே முடியவில்லை.

கொள்கைக்காகச் சிறைக்குப் போன வேலாண்டிக்கு இப்போது கூடாரக் கொட்டகையில் பிழைப்பு. பேசாத படங்களின் காலம் அது. திரைக்குப் பக்கத்தில் நின்று தகரக் குழாயில் கதை சொல்ல வேண்டும். தொழில் கற்றுக்கொடுத்த தாவீது வாத்தியார் அவனைவிட வயதில் இளையவர்.

படத்தில் வருகிற வெள்ளைக்காரர்களுக்கு உள்ளூர்ப் பெயர் வைப்பது வழக்கம். மதியம் இயந்திரத்தைச் சரிபார்க்க முதல் சுருளை மட்டும் ஓட்டுவார்கள். அதை வைத்தே பெயர்களை முடிவுசெய்ய வேண்டும்.

அன்று வந்தது, அமெரிக்காவில் ஒரு வீட்டையும் ஒரு தெருவையும் வைத்து மலிவாக எடுத்த காதல் படம். அதில் வீடு வீடாகப் பனிக்கட்டி சுமந்து விற்கும் ஓர் ஐஸ்காரன். ஒரு பெண்ணின் வாசலில் வாய்பிளந்து நிற்பான். தோளிலிருக்கும் கட்டி கரைந்து கால்சட்டைக்குள் ஒழுகும்.

"வாத்தியாரே, இந்தக் கோமாளிக்கு இருளப்பன்னு பேர் வைக்கலாமா?"

"உங்க வாய், உங்க குழாய், அண்ணாச்சி."

"இன்னைக்குக் குடும்பத்தோட வாரான். ஊரே அவனப் பாத்துச் சிரிக்கணும்."

தாவீது வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

மாலையில் ஊர் சிரித்தது. "வழுக்கி விழுந்தான் இருளப்பன்" என்று வேலாண்டி முழங்க முழங்க, மணலில் உட்கார்ந்திருந்த இருளப்பனும் மகளை மடியில் வைத்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தான்.

இரண்டாம் சுருளில் அதே பெண்ணை விரும்பும் மோட்டார்க்காரன் ஒருவன் ஐஸ்காரனை உதைத்தான். பெண்கள் பக்கமிருந்து மீன்காரி ஒருத்தி, "ஏலே, எங்க இருளப்பன் மேல கை வைக்காத" என்றாள். 

கடைசிச் சுருளில் அந்தப் பெண் அவன் மோட்டாரிலிருந்து குதித்து ஐஸ்காரனைத் தேடி ஓடினாள். அடுத்து கல்யாணம். பாதிரியார் சாட்சிகளை அருகே அழைத்தார். மணமகனின் பெயரை வாசிக்க வேண்டிய இடம்.

வேலாண்டி குழாயை இறக்கி, பக்கத்தில் நின்ற தாவீதிடம் திரும்பினான்.

"முடிவு இதுதான்னு உங்களுக்குத் தெரியுமா?"

"நாலஞ்சு ஊர்ல சொன்ன கதைதான்."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"பேர் வைக்கலாமான்னுதான கேட்டீங்க."

"இப்ப பேர மாத்திரவா?"

"மாத்திப் பாருங்க. கொட்டகையப் பிரிச்சு மேஞ்சிருவாங்க."

"அவன் எனக்குச் செஞ்சதெல்லாம் உங்களுக்குத் தெரியாது வாத்தியாரே."

"அந்தப் பொண்ணுக்கும் தெரியாது. அவளுக்கு அவனப் பிடிச்சுப்போச்சு. இதுல உங்க சம்மதத்த யாரும் கேக்கல, அண்ணாச்சி. வாசிங்க."

திரையில் சாட்சிகள் காத்திருந்தார்கள். மணலில் ஊரே காத்திருந்தது. வேலாண்டி குழாயை உயர்த்தினான்.

"மாப்பிள்ளை பேரு," என்று தொடங்கி, மணலில் மகளோடு இருந்தவனைப் பார்த்தான். "இருளப்பன்."