சிட்டு தைத்த உறை

அந்தக் காலத்தில், மிருகங்களும் பறவைகளும் நம்மைப் போலவே வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த காலத்தில், எந்த மிருகத்துக்கும் காலில் நகம் கிடையாது. புலிக்குக்கூடக் கிடையாது. எல்லோரும் இடுப்பில் ஆளுக்கொரு கத்தி செருகியிருப்பார்கள். இரை பிடிக்க, கிழங்கு தோண்ட, சண்டை வந்தால் வீறாப்புக் காட்ட, எல்லாவற்றுக்கும் அந்தக் கத்திதான்.

கத்தி அடித்துக் கொடுத்தவன் குக்குறுவான். உள்ளங்கைக்குள் அடங்குகிற பறவைதான். ஆனாலும் மலையடிவாரத்து ஆலமரத்தடியில் உலை போட்டு, விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை டொக் டொக் என்று அடித்துக்கொண்டே இருப்பான். இன்றைக்கும் வெயில் நேரத்தில் மர உச்சியிலிருந்து அந்தச் சத்தம் கேட்கிறதே, உலை போனாலும் கைப்பழக்கம் போகவில்லை.

ஒருநாள் வெருகாத்தாள் என்கிற காட்டுப்பூனை அவனைத் தேடி வந்தாள். அவள் புருஷனைப் போன மழையில் ஆற்றுவெள்ளம் கொண்டுபோய்விட்டது. பாறை இடுக்கில் இரண்டு குட்டிகளோடு தனியாக இருந்தாள். மூத்தவன் வரியன், இளையவள் பொட்டு. பாறைக்குக் கீழே ஒரு புற்று. அதில் ஒரு நாகம். அது வெளியே வரும்போதெல்லாம் தலையைத் தூக்கிப் பாறை இடுக்கையே பார்த்துவிட்டுப் போகும். 

"நல்லதா ஒரு கத்தி வேணும் அண்ணாச்சி. எம்பிள்ளைகளுக்கு என்னை விட்டா ஆளில்ல" என்றாள்.

குக்குறுவானின் உலை ஊதும் துருத்தியை எலிகள் கடித்துப் பாழாக்கிக்கொண்டிருந்தன. வெருகாத்தாள் அந்த எலிகளை ஒழித்துக் கொடுத்தாள். அவன் கத்தி அடித்துக் கொடுத்தான். அதைப் போல ஒன்றை அவன் அதற்கு முன் அடித்ததில்லை. மரத்திலிருந்து விழுகிற ஆலிலைக்குக் கீழே பிடித்தால், இலை தன்பாட்டுக்கு இரண்டாகி விழுந்தது.

"கத்தி ஆயிட்டு தங்கச்சி. இனி ஒரு உறை பாத்துக்கோ."

"அதையும் நீங்களே செஞ்சு தரப்படாதா?"

"தோல் வேலை நமக்கு ஆகாது. நான் இரும்போட நிறுத்திக்கிடுவேன். சிட்டுகிட்ட போ" என்று சொல்லிவிட்டு அவன் அடுத்த வேலையைப் பார்க்கத் திரும்பிவிட்டான்.

தையல்சிட்டு அந்தக் காட்டிலேயே பேர்போன தையற்காரன். இலையோடு இலையைத் தைத்து வீடு கட்டுகிறவனுக்கு உறை ஒரு வேலையா? ஆனால் புகழ்ச்சி என்றால் அவனுக்கு உயிர். தான் தைத்ததை நாலு பேர் நின்று பார்க்கவில்லையென்றால் அன்றைக்கு அவனுக்குத் தூக்கம் வராது.

"எப்படி வேணும்னு சொல்லுங்க மதினி" என்றான்.

"நல்லா இறுக்கமா இருக்கணும் கொழுந்தனாரே. மரத்துல ஏறும்போது விழப்படாது. நடக்கும்போது சலசலன்னு ஆடப்படாது. எலிக்குக் காது பொல்லாத காது."

"இறுக்கந்தானே? கத்தியும் உறையும் ஒட்டிப் பிறந்த மாதிரி செஞ்சு தாரேன்."

பதப்படுத்தாத பச்சைத்தோலை எடுத்து, ஈரத்தோடு கத்தியைச் சுற்றி வைத்துத் தைத்து வெயிலில் போட்டான். தோல் காயக் காயச் சுருங்கிக் கத்தியைக் கவ்விக்கொண்டது. தையலைப் பூவேலையாகக் கத்தியின் கூர்ப்பக்கமாகவே ஓடவிட்டான். இடுப்பில் கட்டினால் அந்தப் பக்கம்தான் வெளியே தெரியும். கத்தியை உருவும்போதெல்லாம் கூர் நூலில் உரசுமே என்று ஒரு நிமிடம் அவனுக்கே தோன்றியது. பூவேலையைப் பார்த்தான். அந்த நினைப்பை விட்டுவிட்டான். அடிப்பக்கத்தையும் சந்து பொந்து இல்லாமல் மூடி, ஒரு கொத்துக் குன்றிமணியைக் கோத்துத் தொங்கவிட்டான்.

காடே வந்து பார்த்தது. "உறைன்னா இது உறை" என்றது கரடி. மான் கூட்டம் வாய் பிளந்து நின்றது. வெருகாத்தாளுக்கும் பெருமைதான். பயந்து பயந்து வாழ்ந்தவள், முதல்முறையாக நிமிர்ந்து நடந்தாள். குன்றிமணி கொஞ்சம் சத்தம் போட்டது என்னவோ உண்மை. அதை அவள் கண்டுகொள்ளவில்லை.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. உறையின் வாய் வழியாகத் தண்ணீர் உள்ளே போனது. வெளியே வர வழியில்லை. வெருகாத்தாளும் தவளையோ நண்டோ வெட்டிய கையோடு, ஈரம் சொட்டச் சொட்டக் கத்தியை உறைக்குள் தள்ளிவிட்டுப் பிள்ளைகளைப் பார்க்க ஓடிவிடுவாள். தோல் ஊறியது, உப்பியது. கத்தி வர மறுத்துச் சண்டித்தனம் பண்ணியது. பலமாக இழுத்தால் தையலில் கரகரவென்று உரசிக்கொண்டு வந்தது.

'எவ்வளவு கெட்டியாய்ப் பிடித்திருக்கிறது பார்' என்று அவள் மனதுக்குள் சிட்டை மெச்சிக்கொண்டாள். மழையின் கடைசிக் கொஞ்ச நாள் கத்திக்கு வேலையும் இல்லை. அது உறையிலேயே கிடந்தது.

மழை விட்டு வெயில் அடித்த ஒரு பகலில் நாகம் மேலே வந்தது. வரியனும் பொட்டும் பாறைமேல் படுத்து வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள். வெருகாத்தாள் பாய்ந்து குறுக்கே நின்று கத்தியின் பிடியில் கையை வைத்தாள். இழுத்தாள். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். பல்லால் கடித்து இழுத்தாள். உறை விட்டபாடில்லை. ஒருவழியாகக் கத்தி வெளியே வந்தபோது செங்கல்பொடி அப்பினதுபோல் துரு ஏறியிருந்தது. அவள் ஓங்கி வெட்டினாள். கத்தி நாகத்தின் செதிலில் வழுக்கிக்கொண்டு போனது. அடுத்த வெட்டுக்குக் கையை ஓங்குவதற்குள் நாகம் வரியனைக் கவ்விக்கொண்டு புற்றுக்குள் இறங்கிவிட்டது.

அவள் புற்றின் வாயில் மண்ணைப் பறித்துப் பறித்துப் பார்த்தாள். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.  அதற்கு மேல் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை.

பொட்டை வாயில் கவ்விக்கொண்டு நேரே ஆலமரத்தடிக்குப் போனாள். கத்தியை உறையோடு சேர்த்து, இரும்படிக்கிற பட்டடைமேல் வீசினாள்.

"இதெல்லாம் ஒரு கத்தியா? எம்பிள்ளை போயிட்டான் அண்ணாச்சி! உங்க கத்திய நம்பி எம்பிள்ளைய வாரிக் குடுத்துட்டேன்!"

காடே கூடிவிட்டது. உறையை மெச்சிய அதே கூட்டம்தான். "சரக்கு சரியில்லைன்னு நான் அன்னைக்கே நெனச்சேன்" என்றது கரடி. கரடி அன்றைக்கு எதையும் நினைக்கவில்லை.

குக்குறுவான் கத்தியை எடுத்துக் கல்லில் தேய்த்தான். துருவுக்குக் கீழே இரும்பு வெள்ளையாய்ப் பளபளத்தது. கூர் மட்டும் அங்கங்கே அரித்துப்போய்க் கிடந்தது. பிறகு உறையை எடுத்து அலகால் நீளவாக்கில் கிழித்தான். பழுப்புத் தண்ணீர் கொட்டியது. நாற்றம் தாங்காமல் மான்கள் விலகின. உள்ளே தையல்நூல் பாதிக்கு மேல் அறுந்து கிடந்தது.

"கத்தி வெட்டுதது கொஞ்ச நேரந்தான் தங்கச்சி. மிச்ச நேரமெல்லாம் அது உறைக்குள்ளதானே கெடக்கு? இதுக்குள்ள கெடந்தா எந்த இரும்புதான் பொழைக்கும்?"

எல்லோரும் சிட்டைப் பார்த்தார்கள். அவன் கிளையின் ஓரத்துக்கு நகர்ந்தான்.

"மதினி இறுக்கமா கேட்டாங்க. கேட்டதத்தானே தைச்சேன்?" என்றான். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. "கூர்ப்பக்கம் தையல் போடப்படாதுன்னு எனக்குத் தெரியும். அழகு போயிருமேன்னு விட்டுட்டேன்."

"எனக்கு மட்டும் என்ன? உறை எப்படி இருக்கணும்னு ரெண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் வேலை முடிஞ்சிட்டுன்னு திரும்பிக்கிட்டேன்" என்றான் குக்குறுவான்.

வெருகாத்தாளுக்கு இருவரையும் திட்டித் தீர்க்க வேண்டும் போலிருந்தது. ஆனால் இறுக்கமாக வேண்டும் என்று கேட்டது அவள்தானே. துடைக்காமல் செருகியதும் அவள்தானே. 

"இத ஒடைங்க அண்ணாச்சி" என்றாள் அவள்.

"என்னது?"

"துண்டு துண்டா ஒடைச்சு என் கால் விரல்ல வச்சிருங்க. இனி உருவ மாட்டாம நிக்க என்னால முடியாது."

குக்குறுவான் கத்தியை மார்போடு அணைத்துக்கொண்டான். "இப்படி ஒண்ணு இனி எனக்கு வராது தங்கச்சி."

அவள் பொட்டைப் பார்த்தாள். அவனும் பார்த்தான். பிறகு கத்தியைப் பட்டடையில் வைத்துச் சம்மட்டியை ஓங்கினான். தன் கையால் செய்த ஆகச் சிறந்த கத்தியைத் தன் கையாலேயே உடைத்தான். ஒவ்வொரு துண்டையும் வளைத்துக் கூராக்கி, கத்திக்குப் பிடி போடுகிற அரக்கை உருக்கி அவள் விரல்களில் பதித்தான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

"உறை?" என்று குக்குறுவான் கேட்டான்.

"என் தோலே உறை."

சிட்டு மெல்லக் கீழே இறங்கி வந்தான். "நான் செஞ்சு தாரேன் மதினி. ஒரு தையலும் போட மாட்டேன்."

விரல் விரலாகத் தோலை மடித்துவிட்டான். முனை எதிலும் இடிக்காமல், கூர் எதிலும் உரசாமல், தண்ணீர் தேங்க இடமில்லாமல், கத்தி தானாகப் போகவும் தானாக வரவும் தளர்வாக விட்டான். பூவேலை இல்லை, குன்றிமணி இல்லை. வெளியே தெரியவே தெரியாத வேலை, நாலு பேர் நின்று மெச்ச முடியாத வேலை. அவன் செய்ததிலேயே நல்ல வேலை அதுதான்.

வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த நாய், "எனக்கும் அப்படியே வச்சிருங்க அண்ணாச்சி. ஆனா உறை வேண்டாம். தோலைப் பிரிச்சா வலிக்கும்லா" என்றது. அதன் கத்தியை உடைத்து, கேட்டபடியே செய்தார்கள். மண்ணிலும் கல்லிலும் தேய்ந்து தேய்ந்து நாயின் நகம் மழுங்கிப்போன கதை அதுதான். புலியும் மற்ற மிருகங்களும் பிறகு ஒவ்வொன்றாக வந்து தங்கள் கத்தியை நகமாக்கிக்கொண்டன.

வெருகாத்தாள் பாறைக்குத் திரும்பினாள். ஆனால் அவளுக்கு ஒரு புதுப் பயம் வந்திருந்தது. இப்போது கையே கத்தி. பொட்டு ஒண்டிக்கொள்ள வந்தால் எழுந்து தள்ளிப் போய் உட்கார்ந்தாள். உறை தன் வேலையைச் செய்யும் என்று சிட்டு சொல்லித்தான் அனுப்பினான். ஒருமுறை உறையை நம்பி ஒரு பிள்ளையைக் கொடுத்தவள், மறுபடி எப்படி நம்புவாள்? அம்மாவுக்குத் தன்மேல் என்ன கோபம் என்று தெரியாமல் பொட்டு தனியாகச் சுருண்டு படுத்தாள்.

மீண்டும் ஒரு வெயில் நாளில் நாகம் வந்தது. ஒன்றைத் தின்று ருசி கண்டது, அவசரமில்லாமல் வந்தது. இந்தமுறை வெருகாத்தாள் எதையும் உருவவில்லை. கையை நீட்டினாள், கத்திகள் தாமே வெளியே வந்தன. நாகம் படம் எடுத்து அடித்தது. அவள் விலகி ஒரு அறை விட்டாள். செதில் கிழிந்து சதை தெரிந்தது. மறுபடி அறைந்தாள். வரியனுக்காக ஒன்று, வரியனுக்காக இன்னொன்று. நாகம் துவண்டு பாறையிலிருந்து சரிந்து விழுந்தது, அதன் பிறகு எழவில்லை.

அவள் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கையில் பொட்டு வெடவெடவென்று நடுங்கியபடி ஓடி வந்து அவள் காலடியில் விழுந்தாள். தள்ளிப் போக வெருகாத்தாளுக்கு நேரமில்லை. பெற்ற மனம், கை தானாக நீண்டுவிட்டது. ஐயோ என்று கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணைத் திறந்து பார்த்தபோது கத்திகளைக் காணவில்லை. பஞ்சுபோன்ற பாதம்தான் குட்டியின் தலைமேல் இருந்தது. பொட்டு அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வெருகாத்தாள் வரியனை நினைத்து அழுதாள், பொட்டை அணைத்துக்கொண்டு அழுதாள்.

அன்று முதல்தான், ஈரத்தில் கால் பட்டால் பூனை உதறி, நக்கி, காயவைத்துவிட்டே நடக்கிறது. அன்று முதல்தான், நாகத்தைக் கிழித்த அதே கையால் தன் குட்டியைத் தடவுகிறது, குட்டியின் மேல் ஒரு கீறலும் விழுவதில்லை.