முன்னங்கால்

இரும்பன், படையில் பதினாறு வருடம் வில் பிடித்தவன். போர் ஓய்ந்தபின் மலையூருக்கு வந்து வேட்டை கற்கச் சேர்ந்தான். கற்றுக்கொடுத்தவள் கொற்றி. அவனைவிடப் பத்து வயது இளையவள். அவன் அவளை ஆசானே என்பான். அவள் அவனை அண்ணே என்பாள்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. தன் அம்பு பட்ட மானைத் தேடாமல் திரும்பியவன், மழை தொடங்குமுன் ஒரே அம்பில் ஒரு மானை வீழ்த்திக் காட்ட வேண்டும். தவறினால் ஒரு வருடம் வில்லைத் தொடக்கூடாது. இரும்பன் போன மாதம் அப்படித் திரும்பியவன். இன்று மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. நாளைவரை மழை காத்திருக்காது.

புதருக்கு அப்பால் ஓர் ஆண்மான் பக்கவாட்டில் நின்று மேய்ந்தது. இரும்பன் நாணை இழுத்தான். கொற்றி அவன் முழங்கையைத் தொட்டாள். “பொறுங்க.”

பொறுத்தான். தோள் நடுங்கியது. இடி உருண்டது. மான் ஒரே தாவில் மறைந்தது.

இரும்பன் வில்லைத் தரையில் வீசினான்.

“காலையில வந்தது முகத்தைக் காட்டி நின்னுச்சு, வேண்டாம்னீங்க. சரி. அடுத்ததுக்குப் பின்னால பெட்டைமான் நின்னுச்சு, வேண்டாம்னீங்க. அதுவும் சரி. இதுக்கு என்ன குறை? ஜாதகம் பொருந்தலையா?”

“முன்னங்கால் பின்னால இருந்துச்சு அண்ணே. தோளெலும்பு நெஞ்சை மறைச்சிருந்துச்சு. ஓரடி முன்னால வெச்சிருந்தா போதும்.”

“ஓரடி! அந்த ஓரடிக்கு என் வருஷமே போச்சு. எதிரி காலை மாத்தி வைக்கட்டும்னு போர்ல நான் காத்துக்கிட்டா நின்னேன்? நாளைக்கு ஊரே சிரிக்கும். உங்களுக்கென்ன!”

கொற்றி இடுப்புத் துணியிலிருந்து முறிந்த அம்பு ஒன்றை எடுத்து அவன் முன் வைத்தாள். வால்பக்கம் சிவப்பு நூல், மூன்று சுற்று. அவன் கட்டிய கட்டு.

“போன மாசம் நீங்க விட்டது” என்றாள்.

“வயித்துல லேசாத்தானே பட்டுச்சு? பிழைச்சுக்கும்னு நினைச்சேன்.”

“ஊர்லயும் அப்படித்தான் சொன்னீங்க.”

“நீங்க அம்மா வீட்டுக்குப் போனதாத்தானே சொன்னாங்க. மூணு நாள்?”

“போகல. அந்த மான் பின்னால போனேன்.”

இலைகளில் முதல் துளிகள் விழுந்தன. இரும்பன் அம்பைக் கையில் எடுக்கவில்லை.

“எங்க கிடந்துச்சு?”

“நாணல்குளத்துல. உசிரு இருந்துச்சு. நான்தான் முடிச்சேன்.”

நாணல்குளம் இரண்டு மலைக்கு அப்பால். இரும்பனின் குரல் மறுபடி உயர்ந்தது.

“அன்னைக்கே என் மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லியிருக்கலாம்ல? இத்தனை நாளா எதுக்கு மறைச்சு வெச்சீங்க?”

“முழு எண்ணிக்கையோட வந்துதான் சொல்லணும்னு போனேன். அது வெச்ச ஒவ்வொரு அடியையும் எண்ணிக்கிட்டே நடந்தேன் அண்ணே. குளம் வரைக்கும் முடியல, மூணாவது ஓடை வரைக்கும்தான் என்னால எண்ண முடிஞ்சுது.”