உல்லம் மீன் ஆறேறிய கதை

மீன் பேசினால் மனிதருக்கு விளங்கிய காலம் ஒன்று இருந்தது. மனிதர் பேசினால் மீனும் நின்று கேட்கும். அந்தக் காலத்தில் உல்லம் மீன் ஒரு விரல் நீளம்தான் இருந்தது. கடல் என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. காவிரி மலையை விட்டு இறங்கும் இடத்தில், நீர்மருத மரங்களின் நிழலில் ஒரு மடு இருந்தது. வெயில் படாத பாறைக்கு அடியிலிருந்து ஊறிவரும் தண்ணீர் அதில் சில்லென்று நிற்கும். உல்லங்கள் அந்தக் குளிரில் பிறந்து, அந்தக் குளிரிலேயே வாழ்ந்து முடிந்தன.

மடுவை ஒட்டிய துறையில் நீலாயி என்ற பெண் பரிசல் ஓட்டினாள். அவள் புருஷன் மாரப்பன் கரை மேட்டில் கம்பு விதைத்தான். நீலாயி பரிசலைத் தள்ளியதும் உல்லங்கள் கூட்டமாக முன்னால் ஓடும்.

"இன்னைக்குச் சுழி தெக்கால தள்ளிப் போயிருக்கு. வடக்க ஒதுங்கி வா," என்று சொல்லும்.

அவளும் ஒதுங்கிப் போவாள். அக்கரை சேரும்வரை பேச்சுதான்.

ஒரு வருஷம் மழை பெய்யவில்லை. அடுத்த வருஷமும் பெய்யவில்லை. ஆறு மெலிந்து மெலிந்து மணலுக்குள் இறங்கிவிட்டது. பரிசல் கரையில் கவிழ்ந்து கிடந்தது. கம்பு முளையிலேயே கருகியது. மடு மட்டும் மிஞ்சியது. அதுவும் நாளுக்கு நாள் சுருங்கியது. ஊரார் கூடி, மடுவை இறைத்து மீனைப் பங்கு போட்டுக்கொள்வது என்று முடிவு செய்தார்கள்.

"நாளைக்கு இறைக்கறாங்க. நமக்கும் ஒரு பங்கு உண்டு," என்றான் மாரப்பன்.

"அதுககூட இத்தனை நாளாப் பேசியிருக்கறனுங்க."

"எனக்குத் தெரியாதா? பேசினா பசி அடங்குதா, சொல்லு."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. அவன் கன்னம் ஒட்டிப் போயிருந்தது. நீலாயி எழுந்து மடுவுக்குப் போனாள்.

உல்லங்களில் மூத்த தாய் மீன் கரையோரம் வந்தது.

"தண்ணி சுட ஆரம்பிச்சிருச்சு நீலாயி. இந்தச் சூட்டுல எங்க முட்டை பொரியாது. ஆறு எங்கதான் போச்சு?"

"கிழக்க போச்சு. அங்க கடல்னு ஒண்ணு இருக்குதாம். அது வத்தவே வத்தாதாம்."

"அப்ப எங்களை அங்க கொண்டுபோய் விட்டுடு."

விரல் நீள மீன். ஊருக்கு அது ஒரு வாய்க்குக் காணாது. ஆனாலும் பங்கில் கை வைப்பது திருட்டுதான் என்று நீலாயிக்குத் தெரியும். அப்படியும் அவள் வீட்டுக்குப் போய் மண்குடத்தை எடுத்து வந்தாள். அதை மடுவில் சாய்த்தாள். மிஞ்சியிருந்த உல்லங்கள் ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. குடத்தின் மேல் ஈரத்துணியைக் கட்டி, தலையில் சும்மாடு வைத்துத் தூக்கிக்கொண்டு, ஆறு போன வழியே மணலில் நடந்தாள்.

மறுநாள் வெயில் ஏறும்போது மாரப்பன் அவளை எட்டிப் பிடித்தான். குடத்தைத் திருப்பிக் கொண்டுபோகத்தான் வந்தான். அவள் உதடு வெடித்திருப்பதைப் பார்த்தான்.

"குடத்துல இத்தனை தண்ணி இருக்குது. நீ குடிக்கலியா?"

"இது அதுக தண்ணிங்க. நான் ஊத்து தோண்டித்தான் குடிக்கறேன்."

மாரப்பன் துணியை விலக்கி உள்ளே பார்த்தான். மீன்களும் அவனைப் பார்த்தன.

"இறக்கு," என்றான்.

அவள் பயந்துகொண்டே இறக்கினாள். அவன் சும்மாட்டை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டான். குடத்தைத் தூக்கி வைத்துக் கிழக்கே நடந்தான். அவளும் பின்னால் போனாள்.

அதன்பிறகு நாட்கள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. காலடியில் எங்கோ ஆழத்தில் ஆறு இன்னும் ஓடுவது போல ஒரு முணுமுணுப்புக் கேட்டது. மேகங்கள் நிழலை மட்டும் இறக்கிவிட்டுப் போயின. இருவரும் மர நிழலில் படுத்தால் குடத்துக்குள் மீன்கள் தூக்கத்தில் பேசின. மடுவின் பாறைகளைப் பற்றி, மருதம்பூ உதிர்ந்து மிதப்பதைப் பற்றி. கேட்டுக்கொண்டே நீலாயியும் தூங்கிப்போவாள். கனவில் அவள் துடுப்புப் போட்டுக்கொண்டிருப்பாள். விழித்தால் மணல்தான் இருக்கும்.

கடைசியில் ஊற்றுத் தண்ணீர் கரித்தது. தோண்டிய இடமெல்லாம் கரித்தது. மணல் மேடு ஒன்றைத் தாண்டியதும், எதிரே வானமே இறங்கி வந்து படுத்தது போலக் கடல் கிடந்தது.

நீலாயி முழங்கால் தண்ணீரில் இறங்கிக் குடத்தைச் சாய்த்தாள். உல்லங்கள் விழுந்த வேகத்தில் அவள் காலடிக்கே ஓடிவந்தன.

"இது என்ன தண்ணி? வாய் எரியுது," என்றது தாய் மீன்.

கரையில் ஓர் ஆமை முட்டைகளை மணலில் புதைத்துவிட்டுக் கடலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. அது நின்று சொன்னது: "கொஞ்ச நாள்ல பழகிடும். இரை நிறைய உண்டு, நல்லா வளருவீங்க. ஆனா இங்க முட்டை போடாதீங்க. உப்பு உங்க முட்டையைக் கருக்கிடும். கடல்ல வாழற நானே இதுக்காகத்தான் கரைக்கு வந்துட்டுப் போறேன்."

"அப்ப நாங்க எங்க போறது?"

"பொறந்த இடத்துக்குத்தான்."

"ஆறே இல்லியே. அது திரும்ப வந்தா எங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஆமைக்கு அது தெரியவில்லை. அது அலைக்குள் போய்விட்டது.

குடத்தின் அடியில் கொஞ்சம் தண்ணீர் மிஞ்சியிருந்தது. ஈரத்துணியும் நிழலும் அதைக் கடைசிவரை சில்லென்று வைத்திருந்தன. இரண்டு பேர் நாக்கை நனைத்துக்கொண்டு நல்ல ஊற்று இருக்கும் இடம்வரை திரும்பி நடக்க அது போதும். மாரப்பன் குடத்தைப் பார்த்தான், வறண்ட தொண்டையைத் தடவினான், பிறகு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

நீலாயி குனிந்து, மீன்களின் வாயருகே அந்தத் தண்ணீரை மெல்ல ஊற்றினாள்.

"இந்தக் குளிர நல்லா ஞாபகம் வச்சுக்கங்க. உப்புக்குள்ள எப்ப இது வந்து படுதோ, அப்ப ஆறு வந்திருச்சுன்னு அர்த்தம்."

உல்லங்கள் அந்தக் குளிருக்குள் கூடி நின்றன. அது உப்பில் கரைந்து தீர்ந்ததும் ஒவ்வொன்றாக ஆழத்துக்குப் போயின.

திரும்பும் வழியில் மாரப்பன் இரண்டு முறை மயங்கி விழுந்தான். நீலாயி அவனை நிழலுக்கு இழுத்துப் போட்டு, மணலைக் கையால் தோண்டினாள். கைகள் ரத்தம் கண்ட பிறகுதான் நல்ல தண்ணீர் வந்தது. ஊர் போய்ச் சேர்ந்தபோது யாரும் அவர்களிடம் முகம் கொடுக்கவில்லை. மடுவை இறைத்ததில் கெளுத்தி கொஞ்சம் கிடைத்திருந்தது. இவர்களுக்குப் பங்கு வைக்கவில்லை. அவர்களும் கேட்கவில்லை. கிழங்கு தோண்டித் தின்று அந்த வருஷத்தைத் தள்ளினார்கள்.

ஓர் ஆடியில் மலை முழுக்க இருட்டிக்கொண்டு மழை பெய்தது. புதுவெள்ளம் செந்நிறமாகச் சுருண்டு வந்தது. நீலாயி பரிசலை நிமிர்த்தித் தண்ணீரில் தள்ளினாள். சில நாள் கழித்து, கிழக்கேயிருந்து வெள்ளத்தை எதிர்த்து ஏதோ பளபளவென்று வருவதைப் பார்த்தாள். கை நீள மீன்கள். உடம்பெல்லாம் வெள்ளித் தகடு. அவள் துடுப்பை நிறுத்தினாள். ஒரு மீன் பரிசலை உரசி நின்று வாயைத் திறந்தது. சங்கைக் காதில் வைத்தால் கேட்பது போல ஒரு சத்தம் வந்தது. ஒரு சொல்லும் விளங்கவில்லை.

"எவ்வளவு பெருசா வளந்துட்டீங்க," என்றாள் நீலாயி. அதற்கு அது விளங்கியதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

மீன்கள் மடுவின் குளிரில் முட்டையிட்டன. வந்த வழியே போய்விட்டன. தண்ணீர் தெளிந்து இறங்கும் காலத்தில், விரல் நீளக் குஞ்சுகள் பரிசலைச் சுற்றிக்கொண்டன. ஆற்றில் பிறந்த அவற்றின் பேச்சு நன்றாக விளங்கியது.

"கடல் எந்தப் பக்கம்?"

"தண்ணி போற பக்கமே போங்க. அவசரமில்ல," என்றாள் நீலாயி.

அன்று பரிசலில் மாரப்பனும் இருந்தான். "திரும்பி வருவீங்கல்ல?" என்று கேட்டான்.

குஞ்சுகளுக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. இன்னும் போகவே இல்லையே. அவை ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிழக்கே நகர்ந்தன.

உல்லம் ஆற்றில் பிறந்து கடலில் வளர்வது அந்த ஆடி தொடங்கித்தான். மலைத் தண்ணீரின் குளிர் முகத்துவாரத்தைத் தொட்டதும் அது வெள்ளத்தை எதிர்த்து ஏறி வருகிறது. கடலைப் பார்த்துவிட்டு வந்த மீனின் பேச்சு நமக்கு விளங்குவதில்லை.