புகழ் பாடிய பல்லக்குத் தூக்கி

சீனத்தில் தெருத்தொழில்களை ஐந்து பூக்கள், எட்டு வாசல்கள் என்று வகை பிரித்துச் சொல்வார்கள். சுமை தூக்குகிறவனும் அதில் ஒரு பூ. பெயர் வைத்தவர் எதையும் தூக்கியிருக்க மாட்டார்.

லியாங் அப்படியொரு பூ. பல்லக்கின் முன்தண்டைச் சுமந்தபடி, "பள்ளம்!", "வழுக்கல்!" என்று கத்திக்கொண்டே போவான். பாதை தெரியாத பின்தண்டுக்காரன் அதைக் கேட்டுத்தான் கால் வைப்பான்.

புதிதாக வந்த அதிகாரி காவோவுக்கு அது பிடிக்கவில்லை. "என் காதில் பள்ளமும் வழுக்கலுமா விழவேண்டும்? இனி என் புகழைத் தவிர ஒரு சொல் வந்தாலும் கசையடி. பல்லக்கு குலுங்கினாலும் கசையடி!" என்று திரையை இழுத்து மூடிக்கொண்டார்.

"நீதியின் சூரியனே!" என்று பாடிக்கொண்டே லியாங் நடந்தான். வழியில், மழைக்குக் கரை இடிந்த எருக்குழி ஒன்று முக்கால் பாதையை விழுங்கியிருந்தது. அதன் விளிம்பில் பல்லக்கைக் குலுங்காமல் இறக்கிவைத்து, "அறிவின் மலையே!" என்றான்.

"ஏன்டா நிறுத்தினாய்?"

"கருணைக் கடலே!"

"கேட்டதற்குப் பதில் சொல்லுடா!"

"வாக்குத் தவறாத வள்ளலே!"

அதிகாரி சாட்டையோடு ஆவேசமாக வெளியே குதித்தார். மார்பளவு எருவில் போய் நின்றார். சாட்டை அதற்கும் கீழே போய்விட்டது.

"அடப்பாவி! குழி இருக்கிறது என்று சொல்லக்கூடாதா?"

லியாங் பணிவாகக் குனிந்தான். "எஜமான், உங்கள் புகழில் எருக்குழி இதுவரை இல்லையே. இனிச் சேர்த்துக்கொள்ளட்டுமா?"