நாச்சியாரின் முறை

நெடுங்கரை ஜமீனில் கோமதி நாச்சியார் ஒரு சங்கீத மண்டபம் கட்டினார். கணவர் போன துக்கத்தை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் கட்டியது. கல் தூண்கள், முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளத்த தரை, நாலு பக்கமும் வாசல். கதவே வைக்கக் கூடாது என்று கொத்தனாரிடம் சொல்லிவிட்டார்.

வருஷா வருஷம் அங்கே சங்கீத விழா நடக்கும்; அதற்கு முன்னால் ஊர் ஊராகத் தண்டோரா போட்டார்கள். யாரும் வரலாம், எங்கேயும் உட்காரலாம் என்று.

மிராசுதார்கள் வந்தார்கள். வக்கீல்கள் குடும்பத்தோடு வந்தார்கள். கடைவீதிச் செட்டியார்கள் வந்தார்கள். உப்பளத்து ஜனங்கள் மட்டும் வரவில்லை. சிலர் தூரத்து வேப்பமரத்தடியில் நின்று கேட்டார்கள். யாராவது திரும்பிப் பார்த்தால் நகர்ந்து போனார்கள்.

ஒவ்வொரு வருஷமும் இதே கதைதான். இந்த வருஷம் காரியஸ்தர் வாய்விட்டே சொன்னார்.

"கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை? அடுத்த விழாவுக்கு விஷயம் தெரிஞ்சவங்களுக்கு மட்டும் ஓலை அனுப்புவோம் நாச்சியார். பின்பக்கம் காலியாக் கிடந்தா நமக்குத்தான் அசிங்கம்."

நாச்சியார் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நேரே தாண்டவ அடிகளின் மடத்துக்குப் போனார்.

அடிகள் அவரைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் குரு. நாச்சியாருக்கு வீணை சொல்லிக் கொடுத்தவர், துக்க காலத்தில் கூட இருந்தவர். நாச்சியார் போனபோது வீணைக்கு நரம்பு மாற்றிக்கொண்டிருந்தார்.

"சுவாமி, ரசனை பிறப்பிலே வருவதா?"

"ஏன் கேட்கிறீர்கள் தாயே?"

"உப்பளத்துக்காரர்கள் வருவதில்லை. காசு கேட்கவில்லை, கதவு வைக்கவில்லை. யாரும் தடுக்கவில்லை. அப்படியும் வராவிட்டால் அவர்களுக்கு அது வேண்டாம் என்றுதானே அர்த்தம்?"

அடிகள் நரம்பை முறுக்கினார், சுண்டிப் பார்த்தார், இன்னும் கொஞ்சம் முறுக்கினார்.

"நாளை சாயங்காலம் என்னோடு வருகிறீர்களா? உப்பளத்தில் கடைசி வாரல், இந்த வருஷத்து உப்பை வாரி முடிக்கிற நாள். பெண்கள் கும்மி போடுவார்கள்."

"பல்லக்கைத் தயார் செய்யச் சொல்கிறேன்."

"நடந்தே போகலாம்."

மறுநாள் இருவரும் வரப்பு வழியே நடந்தார்கள். வெயில் தாழ்ந்திருந்தது. இரண்டு பக்கமும் பாத்திகளில் தண்ணீர் சிவந்து கிடந்தது. அதற்கப்பால் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல், கோபுரம் மாதிரி. அதைச் சுற்றிப் பெண்கள்.

முதலில் நாச்சியாருக்குக் கேட்டது பாட்டு அல்ல, கைகள். அத்தனை கைகளும் ஒன்றாகத் தட்டிய சத்தம் நெஞ்சுக்குள் வந்து விழுந்தது. கால்கள் ஒன்றாக மண்ணில் இறங்கின. ஒருத்தி ஓரடி எடுத்துக் கொடுத்தாள். மற்றவர்கள் அதை வாங்கித் திருப்பிப் பாடினார்கள். பிறகு அடுத்தவள் முறை.

கறுத்து மெலிந்த ஒருத்தி எடுத்தாள்.

"கடலக் காய வச்சேன்டி, கல்லுப்பா ஆக்கி வச்சேன்டி,
மடியில வச்ச புள்ளையத்தான் மண்ணுக்குள்ள வச்சேன்டி."

நாச்சியார் திடுக்கிட்டார். ஆட்டம் நின்றுவிடும் என்று நினைத்தார். நிற்கவில்லை. வட்டம் முழுவதும் அந்த வரியைத் தன் வாயில் வாங்கிக்கொண்டது. ஒருத்தியின் பிள்ளை அத்தனை பேருக்கும் பிள்ளையாகிச் சுற்றி வந்தான். கைகள் தாளம் தப்பவில்லை.

நாச்சியாருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"போங்கள்" என்றார் அடிகள்.

"எங்கே?"

"உள்ளே."

நாச்சியார் ஓரடி எடுத்து வைத்தார். நின்றுவிட்டார். எந்தக் கால் முன்னே போகவேண்டும்? குனிந்து தட்டுவதா, நிமிர்ந்தா? யார் பக்கத்தில் நிற்பது? உடுத்தியிருந்த வெண்பட்டு திடீரென்று கனத்தது. வட்டத்திலிருந்து இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கால் தானாகப் பின்வாங்கியது.

"போகலாம் சுவாமி. நேரமாகிறது."

"யாராவது தடுத்தார்களா?"

நாச்சியார் அவரைப் பார்த்தார். முகம் சூடானது. தூரத்து வேப்பமரம் நினைவுக்கு வந்திருக்கவேண்டும்.

அதற்குள் அந்த மெலிந்தவள் வட்டத்தை விட்டு வந்துவிட்டாள். குருவம்மாள் என்று பெயர். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"என்ன நாச்சியாரம்மா, ஓரமா நிக்கீக? வாங்க."

"எனக்குப் பழக்கமில்லை."

"வந்தாத்தான பழகும்?"

நாச்சியார் குரலைத் தாழ்த்தினார். "நான் தாலியறுத்தவள். சுபகாரியத்தில் நிற்கக் கூடாது."

"நானுந்தான்" என்றாள் குருவம்மாள். "இங்க பாதிப் பேரு அப்பிடித்தான். உப்புக்கு அதெல்லாம் தெரியாது."

கையை நீட்டினாள். நாச்சியார் பிடித்துக்கொண்டார். உப்பு அரித்து வெடித்த கை. சொரசொரப்பாக இருந்தது.

வட்டம் விலகி இடம் விட்டது. நாச்சியார் தப்பாகத் தட்டினார், தப்பாகக் குனிந்தார். பக்கத்தில் இருந்தவள் அவர் இடுப்பில் இடித்துத் திருப்பிவிட்டாள். யாரும் சிரிக்கவில்லை, யாரும் பாராட்டவும் இல்லை. மெல்ல மெல்லக் கால் இடம் பிடித்தது.

முறை சுற்றி வந்து அவரிடம் நின்றது.

"உங்க பாட்டு என்ன நாச்சியாரம்மா?" என்றாள் குருவம்மாள்.

அவருக்கு நூறு கீர்த்தனை தெரியும். ஒன்றுகூட வாயில் வரவில்லை. கைகள் மட்டும் காத்துக்கொண்டு தட்டின. எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியாமல் ஒரு வரி வந்தது. குரல் உடைந்திருந்தது.

"வெள்ளக் குதிரை வாசலில வேளைக்கு வந்து நிக்குதடி,
உள்ளே படுத்த சீமானை ஓடி வந்து எழுப்புங்கடி."

ஒரு தட்டு. பிறகு அத்தனை பெண்களும் அதை எடுத்தார்கள்.

நாச்சியார் அப்படியே நின்றுவிட்டார். அரண்மனையில் யாரும் அவர் முன்னால் அவர் கணவரைப் பற்றிப் பேசுவதில்லை, மரியாதை கருதி. இங்கே, முகம் தெரியாத பெண்களெல்லாம் அந்தச் சீமானை எழுப்பச் சொல்லிப் பாடிக்கொண்டு, உப்பு மலையைச் சுற்றி வந்தார்கள். பாத்திகளில் வானம் முழுவதும் இறங்கிக் கிடந்தது. பூமியே அந்தக் காலடிக்கு அசைவது போல் இருந்தது. அவர் கண்ணைத் துடைக்கவில்லை. கை தட்டவேண்டியிருந்தது.

பொழுது சாய்ந்ததும் இருவரும் திரும்பினார்கள். நாச்சியாரின் உள்ளங்கை எரிந்தது. அதை மற்றொரு கையால் மூடிக்கொண்டு நடந்தார்.

"சுவாமி, ஓலை அனுப்பும் பேச்சு வேண்டாம் என்று காரியஸ்தரிடம் சொல்லிவிடுகிறேன்."

"நல்லது."

"ஆனால் அவர்கள் வருவார்களா?"

அடிகள் வரப்பில் தேங்கியிருந்த தண்ணீரைத் தாண்டினார். நாச்சியார் தாண்டும்வரை நின்றார்.

"குருவம்மாள் உங்களிடம் என்ன கேட்டாள் தாயே?"

"உங்க பாட்டு என்ன என்று கேட்டாள்."

"மண்டபம் கட்டி இத்தனை காலம் ஆயிற்று. நாம் அவர்களிடம் அதைக் கேட்டோமா?"

நாச்சியார் எரியும் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார்.