ஆறாம் ஆண்டில் வர வேண்டிய நோயாளி

முன்னொரு காலத்தில் கன்னலூர் என்ற கரும்பு நாட்டை வீரகண்டன் என்றொரு அரசன் ஆண்டு வந்தான். சோறு வேகும்வரை பொறுக்க மாட்டான். ஆனால் இருபத்தைந்து ஆண்டு கழித்து நடக்கப்போவதை யாராவது பேசினால் நாள் முழுக்கக் கேட்பான். இன்றைக்கு நடப்பதைக் கேட்கத்தான் அந்த மகராசனுக்கு நேரம் கிடையாது.

அவன் அவையில் ஒரு வழக்கம். அரசனிடம் பேசுகிறவர் யாரானாலும் வலது கையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் பேச வேண்டும். மூச்சுக் காற்று அவன்மேல் படக்கூடாதாம். அதனால் குடிமக்களில் ஒருவர் பல்லைக்கூட அவன் பார்த்ததில்லை. கரும்பு கடித்து வளர்ந்த ஊர், வெல்லப்பாகு குடித்து வேலை செய்யும் ஊர். பல்லெல்லாம் எந்த லட்சணத்தில் இருக்கும் என்று நான் வேறு சொல்ல வேண்டுமா?

அவன் தகப்பன் காலத்திலேயே அரசாங்கப் பெருங்கல்விச்சாலையில் பல் வைத்தியக் கல்லூரி ஒன்று தொடங்கியிருந்தார்கள். தலைமை ஆசிரியை காத்தாயி. மாணவர்கள் காலையில் பாடம் கேட்பார்கள், மதியம் வாசலில் நிற்கும் சனங்களுக்குப் பல் பிடுங்குவார்கள். கூரை ஒழுகும். ஆனாலும் வேலை நடந்தது.

ஒருநாள் அரசனுக்கு ஆசை வந்தது. "நம் பல் கல்லூரிக்கு ஒரு நெடுங்காலத் திட்டம் வேண்டும்! அமைச்சரே, தீட்டுகிறீரா?"

அமைச்சர் நல்லியக்கன், "முதலில் கூரையை மாற்றுவோம், பிரபு" என்றார்.

அவர்மேல் வெகுநாளாக வயிற்றெரிச்சல் கொண்டிருந்த அவைப் பெரியவர் செம்பியராயர் சும்மா இருப்பாரா? "அமைச்சரின் கண் ஓட்டைக் கூரையைத் தாண்டாது, பிரபு! நான் தீட்டுகிறேன்" என்று முந்திக்கொண்டார்.

தீட்டினார். ஏழடுக்கு மாடம். கடல் கடந்து வரும் மாணவர்கள். இருபத்தைந்தாம் ஆண்டில் நாடே வாய்விட்டுச் சிரிக்கும். முதல் ஐந்து ஆண்டும் ஆசிரியர்கள் உட்கார்ந்து திட்டமிட வேண்டும், நோயாளிகள் ஆறாம் ஆண்டில் வந்தால் போதும். வைத்தியக் கூடம் பூட்டப்பட்டது. குறடுகள் உள்ளே, சாவி ராயர் இடுப்பில்.

திட்டச் சுவடி யானைமேல் ஊர்வலம் வந்து அவையில் இறங்கிய நாளன்று காத்தாயி ஓடிவந்தாள். வாசலில் அமைச்சரைப் பார்த்து நாலு வார்த்தை சொன்னாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு அரசன்முன் நின்றாள்.

"மகாராசா, ஆலையில கரும்பு பிழியிற செவந்தான் கூடத்து வாசல்ல கிடக்கான். கடைவாய்ப் பல்லு சீழ் வச்சு கழுத்து வரைக்கும் வீங்கிப்போச்சு. மூச்சு விடவே திணர்றான். சாவியைக் குடுக்கச் சொல்லுங்க, இப்பவே பிடுங்கிடறேன்."

"ஒருவன் பல்லுக்காக நாட்டின் இருபத்தைந்து ஆண்டைக் கலைப்பதா?" என்றார் ராயர். "ஆறாம் ஆண்டில் முதல் ஆளாக அவனையே அழைப்போம், பிரபு."

அவை சிரித்தது, கைக்குள்தான்.

"நியாயம்தானே" என்றான் அரசன். அமைச்சர் எவ்வளவோ மன்றாடினார். அரசன் சுவடியின் பட்டு நூலைத் தடவிக்கொண்டிருந்தான்.

இவனிடம் உயிரைப் பற்றிப் பேசிப் பயனில்லை என்று அமைச்சருக்குப் புரிந்துவிட்டது. குரலை மாற்றிக்கொண்டார்.

"திட்டம் அருமை, பிரபு. ஆனால் இருபத்தைந்து ஆண்டு நாங்கள் எப்படிப் பொறுப்பது? நாடே வாய்விட்டுச் சிரிக்கும் அந்தக் காட்சியை இப்போதே ஒருமுறை பார்த்துவிடலாமே. எல்லாரும் கையை எடுத்துவிட்டுச் சிரிக்கும்படி ஆணையிடுங்கள்."

"பலே!" என்று துள்ளினான் அரசன். "எடுங்கள் கையை! சிரியுங்கள்!"

அவை திறந்தது வாயை. கருத்த பல், பாதிப் பல், வெறும் ஈறு. தளபதிக்கு முன்வரிசையே காணோம். கிளம்பிய நாற்றத்தில் சாமரம் வீசுகிறவள் தலையைத் திருப்பிக்கொண்டாள். அரசன் மேலாடையால் மூக்கை மூடினான்.

ராயர் மட்டும் உதட்டைத் திறக்கவில்லை.

"ராயரே, உம் திட்டத்துக்கு நீரே சிரிக்கவில்லையா?" என்றார் அமைச்சர்.

"திற!" என்று கத்தினான் அரசன்.

ராயர் திறந்தார். கடைவாயில் கிராம்பு எண்ணெயில் நனைத்த பஞ்சு. பல் பிடுங்கிய இடம் இன்னும் சிவந்திருந்தது.

"நேத்து இவரே பூட்டைத் திறந்து வந்து உக்காந்தாரு, மகாராசா. நான் பிடுங்கி முடிச்சதும் திரும்பப் பூட்டிட்டுப் போயிட்டாரு" என்றாள் காத்தாயி.

"ஆறாம் ஆண்டு ராயருக்கு மட்டும் சீக்கிரம் வந்துவிட்டது போலிருக்கிறது, பிரபு" என்றார் அமைச்சர்.

அரசன் முகம் சிவந்தது. "ராயரே, ஐந்து ஆண்டுக்கு அந்தக் கூடத்தில் நோயாளிகளுக்குப் படிக்கம் பிடித்து நில்லும்! துப்புகிறவர்கள் துப்பட்டும்!" என்றான். அமைச்சர் பக்கம் திரும்பி முத்துமாலையைக் கழற்றினான். "உம் புத்திக்கு இது."

"சாவி போதும், பிரபு."

சாவியை வாங்கிக்கொண்டு அமைச்சரும் காத்தாயியும் ஓடினார்கள். கூடத்து வாசலில் செவந்தான் அசையாமல் கிடந்தான். வாய் திறந்துகொள்ளாதபடி தாடையைச் சுற்றித் துணி கட்டியிருந்தார்கள். அவை சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில் மூச்சு நின்றுபோயிருந்தது.

அவன் பெண்சாதி பேச்சி அமைச்சர் கையிலிருந்த சாவியைப் பார்த்தாள். "இவ்வளவு சின்னதாய்யா அது?" என்று கேட்டாள்.

அமைச்சரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. காத்தாயி சாவியை வாங்கிக் கதவைத் திறந்தாள். வெளியே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் பிணத்தைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள்.

அமைச்சர் திரும்பி வந்தபோது அவையில் சாம்பிராணி போட்டிருந்தார்கள். இனி எவரும் எக்காலத்திலும் கையை எடுக்கக்கூடாது என்று புது ஆணை பிறந்திருந்தது. அமைச்சர் வாயைப் பொத்திக்கொண்டு செய்தியைச் சொன்னார்.

"அடடா" என்றான் அரசன். உண்மையிலேயே வருந்தினான். "அவன் பெயரை ஏழாம் அடுக்குக்கு வைத்துவிடுவோம். திட்டத்தில் எழுதிக்கொள்ளும்."

சொல்ல வேண்டிய பதில் அமைச்சரின் நாக்கு நுனியில் இருந்தது. நாளைக்கும் அந்தக் கதவு திறந்திருக்க வேண்டுமே என்று நினைத்தார். கையை வாய்மேல் இன்னும் இறுக்கி வைத்துக்கொண்டு, எழுதுவதற்கு எழுத்தாணியை எடுத்தார்.